ஒன்பது கஜம் உலரும் வரை

கொச்சியில் போய் ஹீட்டர் கேட்டால் எவன்தான் சிரிக்க மாட்டான். எர்ணாகுளத்துக் கடையில் அனில் சிரித்தே விட்டான். வாங்க வந்தவளைப் பார்த்து விற்கிறவன் சிரிக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"சேச்சிக்கு மூணாறுல வீடு உண்டோ?"

"மட்டாஞ்சேரியிலே. சிரிச்சு முடிச்சாச்சுன்னா சாமானைக் காட்டுப்பா," என்றாள் காமாக்ஷி.

சிரிக்கிறவனுக்கு என்ன தெரியும். போன ஆடியில் மாமனாருடைய திவசத்தன்று மழை பெய்ய ஆரம்பித்து ஒன்பதாவது நாள். முந்தின நாள் காமாக்ஷி தன் கையால் துவைத்து, கோலால் தூக்கி, யாரும் தொடாமல் மூங்கில் கொடியில் போட்ட ஒன்பது கஜப் புடவை விடிந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் மடிப்புடவை. அதை உடுத்திக்கொண்டுதான் திவசத்துக்குச் சமைக்க வேண்டும். பட்டு ஆகாது, வெளியாள் சமையல் ஆகாது, மருமகள் கைதான் ஆகும். இதெல்லாம் அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தைக் கையில் வைத்திருப்பவள் லோகாம்பாள், காமாக்ஷியின் புருஷன் நாணுவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. "உலரலைன்னா என்ன? ஈரத்தோட உடுத்திக்கோ. ஈரமும் மடிதான்," என்றாள் அவள். காமாக்ஷியும் வாயை மூடிக்கொண்டு உடுத்திக்கொண்டாள்.

ஐந்து மணி நேரம் அந்த ஈரம் உடம்பிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிமோனியா. பதினோரு நாள் மூக்கில் குழாய். டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த நெஞ்சு தாங்காது, ஈரத்துணி இனிமேல் உடம்பில் படவே கூடாது என்று. இப்போது மறுபடியும் ஆடி வந்துவிட்டது. திவசத்துக்கு இன்னும் மூன்று நாள். மழையோ விட்ட பாடில்லை.

இன்னொரு விஷயமும் காமாக்ஷிக்கு நினைவிருந்தது. போன வருஷம் ஈரப்புடவையோடு அடுப்பங்கரையில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, சூடான பருத்தி வாசனை ஒன்று வந்தது. எட்டிப் பார்த்தாள். லோகாம்பாள் குளித்துவிட்டு வந்து, நாணுவின் மடிவேஷ்டியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்திக்கொண்டிருந்தாள். திவசம் பண்ணுகிற கர்த்தாவுக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாதாம். அன்றைக்குக் காமாக்ஷி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்து நினைத்து ஒரு வருஷமாக அவளுக்கு வயிறு எரிந்தது.

அனில் முதலில் காற்று ஊதுகிற ஹீட்டரைக் காட்டினான். உடனே சூடாகும், ஆனால் சத்தம் போடும், ஊதுகிற இடம் மட்டும்தான் காயும். அடுத்தது கம்பி சிவக்கச் சிவக்க எரிகிற ரகம். அதன் பக்கத்தில் துணி பறந்து விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். "வீட்டை மறந்திடலாம் சேச்சி," என்றான். மூன்றாவது, உள்ளே எண்ணெய் நிரப்பின ஹீட்டர். அடியில் சக்கரம், உயரத்தில் ஒரு சின்னப் பிள்ளை அளவு, கனமோ ஆட்டுக்கல் கனம். சூடாக நேரமெடுக்கும், ஆனால் நெருப்பு வெளியே தெரியாது. சூடு அறை முழுக்கப் பரவும். போதுமான சூடு வந்ததும் தானே நிற்கும், சாய்ந்தாலும் நின்றுவிடும்.

"இதுமேலேயே துணியைப் போடலாமோ?"

"கூடவே கூடாது. எந்த ஹீட்டர் மேலயும் கூடாது. மூணு அடி தள்ளி கொடி கட்டணும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கணும், இல்லேன்னா ஈரம் உள்ளேயே சுத்தும். அப்பறம் பெரிய பிளக்கு வேணும். எக்ஸ்டென்ஷன் வயர்ல சொருகினா வயர் உருகிடும்." அனில் இப்போது சிரிக்கவில்லை. வாங்குகிறவள் விவரமாகக் கேட்டால் விற்கிறவனுக்கும் மரியாதை வரத்தான் செய்யும்.

பெரிய பிளக்கு ஏற்கெனவே தயார். போன வாரமே எலக்ட்ரீஷியன் இசக்கிதுரையைக் கூப்பிட்டு, அடுப்பங்கரைக்கு அடுத்த கொடி அறையில் வைக்கச் சொல்லிவிட்டாள். புது கிரைண்டருக்கு என்று லோகாம்பாள் தானாகவே நினைத்துக்கொண்டாள். காமாக்ஷி அதைத் திருத்தவில்லை.

ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது காமாக்ஷிக்குக் கைவந்த கலை. கனத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது என்று ஆட்டோ பிடித்தாள். தோப்பும்படி ஹார்பரிலிருந்து காலையில் மீன் பெட்டி ஏற்றி இறக்கின ஆட்டோ அது. வீட்டுக்கு வந்ததும், "அட்டைப்பெட்டியெல்லாம் மீன் நாத்தம், அந்த ஆட்டோவிலே வந்தது போதும் போதும்னு ஆச்சு," என்று நாணுவிடம் சொல்லிவிட்டாள். லோகாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

"என்னதாக்கும் இது?" என்றாள்.

"ஹீட்டர், அக்கா. புடவை உலர்த்தறதுக்கு."

"கொச்சியிலே ஹீட்டரா? நாளைக்கு ஸ்வெட்டரும் வாங்கிண்டு வருவையோ?" திரித்த திரியைத் தட்டில் போட்டாள். "கரண்டு சூட்டிலே உலர்ந்ததெல்லாம் மடி ஆகாது. காத்திலே உலரணும். இல்லைன்னா ஈரத்தோட உடுத்திக்கணும். நான் ஐம்பது வருஷம் உடுத்திண்டேன். செத்தா போயிட்டேன்?"

நாணு செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய பழக்கம். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவருக்கு ஒரே கோட்டை அந்தச் செய்தித்தாள்தான்.

"நான் செத்துப்போக இருந்தேன், அக்கா," என்றாள் காமாக்ஷி. "இந்தத் தடவை நீங்க தலைகீழா நின்னாலும் ஈரத்தோட உடுத்திக்க மாட்டேன். இந்தச் சாமான்லே தோஷம் இருக்குன்னா அலம்பிக்கோங்கோ. எனக்கு ஒண்ணும் இல்லை."

கோபத்தில் வந்த வார்த்தை. சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை.

திவசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் காமாக்ஷி புடவையைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். ஹீட்டரைக் கொடிக்கு மூன்று அடி தள்ளி நிறுத்தி, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போடாமல் ஜன்னலைத் திறக்கப் போனாள். கொக்கி துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. சுத்தியல் எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டுத் திரும்பினால், அறை வாசலில் லோகாம்பாள் நிற்கிறாள். கையில் காலிப் பித்தளைச் செம்பு. ஹீட்டர் தலையிலிருந்து கால் வரை சொட்டிக்கொண்டிருந்தது. மேலே மஞ்சள் கறை.

"மஞ்சள் ஜலம் விட்டிருக்கேன். மீன் வண்டியிலே வந்த சாமான் இல்லையா. நீதானே அலம்பிக்கோன்னே," என்றாள் லோகாம்பாள். குரலில் துளி கபடம் இல்லை. வெளியிலிருந்து கொடி அறைக்குள் வருகிற எந்தச் சாமானுக்கும் அவள் அதைத்தான் செய்வாள். குடத்துக்கும் செய்வாள், மணைக்கும் செய்வாள். கரண்டு சாமானுக்கும் செய்துவிட்டாள்.

காமாக்ஷி ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகுதான் திட்ட வாய் வந்தது. ஸ்விட்சு மட்டும் போட்டிருந்தால் இந்தக் கிழவி இங்கேயே கருகிப் போயிருப்பாளே என்று நினைத்தபோது கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. திட்டவும் முடியாமல் அழவும் முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கிதுரை வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். ஹீட்டரை வராந்தாவுக்கு உருட்டிக்கொண்டுபோய், பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்து, துணியால் ஒற்றி, எல்லாவற்றையும் திறந்து வைத்தான். "இன்னைக்கு இதத் தொடவே தொடாதீய. வெயில்ல வைச்சா நல்லது, வெயிலுக்கு எங்க போக. நாளைக்குக் காலைல நானே வந்து பார்த்துட்டுச் சொல்லுதேன். அதுக்கு முந்தி ஸ்விட்ச் போட்டீயன்னா நான் பொறுப்பில்ல." துணி உலர்த்த வந்த சாமானை உலர்த்த வழியில்லாமல் வீடே அதைச் சுற்றி நின்றது. காமாக்ஷிக்குச் சிரிப்புக்கூட வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

விடிந்தது. மழை நிற்கவில்லை. புடவை நேற்றுப் போட்டபடியே கனமாகத் தொங்கிற்று. ஆறரைக்கு இசக்கிதுரை வந்தான். தன் மீட்டரை வைத்து இரண்டு தடவை பார்த்தான், மூடியை முறுக்கினான், பெரிய பிளக்கிலிருந்து தன் தடித்த வயரை இழுத்து, வராந்தாவில் வைத்தே ஓட விட்டுத் தொட்டுப் பார்த்தான். "ஒண்ணுமில்லம்மா, தைரியமாப் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

லோகாம்பாள் அதற்குள் குளித்து, தன்னுடைய ஈரப்புடவையை உடுத்திக்கொண்டு, கொடி அறை வாசலை அடைத்து நின்றாள். கை மயிர் சிலிர்த்து நின்றது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

"இனிமே இதைச் சூடு பண்ணி எப்போ உலர்த்தறது, எப்போ அடுப்பு மூட்டறது? போய்க் குளிச்சுட்டு வா. உடுத்திக்கோ. நாழியாறது."

"திவசம் மத்தியானத்துக்கு மேலேதான். நாழி இருக்கு. புடவை உலர்ந்தப்பறம் குளிக்கறேன், குளிச்சப்பறம் அடுப்பு மூட்டறேன்."

"கரண்டிலே உலர்ந்ததை உடுத்திண்டு சமைச்சா அப்பா ஏத்துக்க மாட்டா."

அந்த நேரம் பார்த்து நாணு உள்ளேயிருந்து வந்தார். இடுப்பில் மடிவேஷ்டி. சுருக்கம் இல்லாமல், மொடமொடவென்று, இன்னும் சூடு ஆறாமல். அக்கா விடியற்காலையிலேயே தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். அந்த வாசனை காமாக்ஷியின் மூக்கில் ஏறிற்று. ஒரு வருஷம் அடக்கி வைத்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, அவர் வேஷ்டி எதிலே உலர்ந்தது?"

லோகாம்பாள் ஈரத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இஸ்திரிப் பெட்டியிலே. அதுக்கும் கரண்டுதானே? அதை வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? அதுமேலே ஒரு நாளாவது ஒரு செம்பு ஜலம் விட்டேளா?" காமாக்ஷியின் குரல் நடுங்கவில்லை. "உங்க தம்பிக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாது, அதனாலே வேஷ்டிக்குக் கரண்டு ஆகும். எனக்கு மூச்சு நின்னாலும் பரவாயில்லை, அதனாலே புடவைக்கு ஆகாது. அப்படித்தானே? அப்பா அந்த வேஷ்டியை ஏத்துண்டா என் புடவையையும் ஏத்துக்கட்டும். இல்லைன்னா ரெண்டையும் தள்ளட்டும்." நாணு பக்கம் திரும்பினாள். "ஏன்னா, போய் அதை நனைச்சு உடுத்திண்டு வாங்கோ. நானும் ஈரத்தோடயே சமைக்கறேன்."

நாணு வேஷ்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கையில் செய்தித்தாள் இல்லை. "அக்கா, வழி விடுங்கோ," என்றார். முப்பது வருஷத்தில் இந்த மூன்று வார்த்தைகளை அவர் வாயிலிருந்து காமாக்ஷி கேட்டதே இல்லை.

லோகாம்பாள் அசையவில்லை. பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை அவள்.

காமாக்ஷி ஹீட்டரின் கைப்பிடியைப் பிடித்து, சக்கரம் கடகடக்க வாசலைப் பார்த்து உருட்டினாள். அவள் இன்னும் குளிக்கவில்லை. ஹீட்டரை இசக்கிதுரை தொட்டிருக்கிறான், போதாததற்கு அது வராந்தாவில் வேறு இருந்தது. லோகாம்பாள்மேல் ஒரு ஓரம் பட்டால் போதும், கிணற்றுத் தண்ணீரை மறுபடி தலையில் கொட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

"ஏய், படப்போறது. தள்ளிப் பிடி, தள்ளிப் பிடி," என்றாள் லோகாம்பாள்.

"நான் தள்ளிண்டுதான் வரேன். நீங்க நகர்ந்தா படாது."

ஒரு அடி இருந்தது. அரை அடி இருந்தது. லோகாம்பாள் புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஒரே தாவலாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எழுபத்திரண்டு வயசில் அப்படி ஒரு தாவல். ஹீட்டர் உள்ளே போயிற்று.

கொடிக்கு மூன்று அடி தள்ளி நிறுத்தினாள். ஜன்னலை நாலு விரல் அளவு திறந்தாள். ஸ்விட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கால் மணியில் அறையின் குளிர் விட்டுப் போயிற்று. அரை மணியில் புடவையிலிருந்து ஆவி கிளம்பி ஜன்னல் பக்கம் போயிற்று. காமாக்ஷி வாசலிலேயே மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எரிகிற சாமானை விட்டுவிட்டு எங்கேயும் போவதாக இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து லோகாம்பாள் வந்தாள். காமாக்ஷி ஒதுங்கி வழி விட்டாள். அவள் உள்ளே போய், ஹீட்டருக்கு எட்டத்தில், முதுகைக் காட்டி நின்றாள்.

"என்ன அக்கா?"

"ஜன்னல் வழியா காக்காய் வந்து புடவையைத் தொட்டுட்டா? காவலுக்கு நிக்கறேன்."

கொட்டுகிற மழையில் எந்தக் காக்காய் வரப்போகிறது. லோகாம்பாளின் முதுகில் ஒட்டியிருந்த ஈரப்புடவை மெல்ல மெல்ல வெளுத்தது. கைச் சிலிர்ப்பு அடங்கியது. காமாக்ஷி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். ஆனால் நிற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற கோபம் இல்லை அது.

ஒன்பதரைக்குப் புடவை உலர்ந்துவிட்டது. ஹீட்டரை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் குளித்து உடுத்திக்கொண்டாள். ஒன்பது கஜமும் வெதுவெதுவென்று உடம்போடு படிந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு அடுப்பை மூட்டினாள்.

திவசம் பண்ணி வைக்கிற வாத்தியார் வந்தபோது மணி பதினொன்று. வழக்கமாக அந்நேரத்துக்குச் சமையல் பாதி முடிந்திருக்கும். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன நாணு, சமையல் இப்போதான் ஆரம்பிச்ச மாதிரி இருக்கே?" என்றார். நாணு அக்காவைப் பார்த்தார். திவசத்தன்று அந்த வீட்டில் அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு ஒரு பெண்குரல் கேட்டதில்லை. கரண்டியோடு நிலைப்படிக்கு வந்து நின்றாள் காமாக்ஷி.

"மடிப்புடவை உலரலை, மாமா. ஹீட்டர் வைச்சு உலர்த்தி, அப்பறம்தான் அடுப்பு மூட்டினேன். இந்தாத்திலே இனிமே அப்படித்தான்."

லோகாம்பாள் குனிந்து இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"நாழி இருக்கு, மெதுவாப் பண்ணுங்கோ," என்று வாத்தியார் தர்ப்பையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

காமாக்ஷி அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். பாகற்காய் வெந்துகொண்டிருந்தது. வெளியே மழை இன்னும் வலுத்தது. புகைக்கு நடுவில் நின்று, நெஞ்சின் அடி வரை ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். இருமல் வரவில்லை. இன்னொன்று இழுத்தாள். பிறகு பாகற்காய்க்கு உப்புப் போட்டாள்.