ஏரிக்கு இறங்கும் வழியில்

பன்னிரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவளைக் காரின் பின்சீட்டில் நடுவே உட்காரவைத்து, வாயைத் திறக்காதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? தங்கைக்கு அப்படித்தான் இருந்தது.

சொன்னது அக்கா. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்குக் கிளம்பிய காலையில், ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு, அவர் ஓட்டறப்ப நீ ஒண்ணும் சொல்லிடாதே. போன தடவை 'ஹார்ன் அடிங்க அத்தான்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னே. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தார்."

"நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்? லீவுல வந்திருக்கேன். தூங்கிக்கிட்டே வரேன்."

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் அவ்வளவு தன்மையாகப் பேசுகிற மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆள். பழைய கார்தான், வாங்கி நாலு மாதம் ஆகிறது. அதைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் தன்னையே சொன்னதாக எடுத்துக்கொள்வார். கொழுந்தியாளை 'டிரைவரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கேலியா பாசமா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

டிக்கியில் இடமில்லாமல் போனதால் பைகளில் பாதி பின்சீட்டுக்கு வந்துவிட்டன. ஒரு பக்கம் பைகள், மறுபக்கம் அக்காவின் எட்டு வயது மகள், நடுவில் இவள்.

ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. உச்சியில் நிறுத்திப் பார்த்தபோது, பள்ளத்தாக்கின் அடியில் ஏரி உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி பளபளத்தது. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். பகல் பதினொரு மணி. முன்னும் பின்னும் விடுமுறைக் கூட்டத்தின் வண்டிகள்.

அத்தான் காரைக் கிளப்பியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். "இனிமே ஏரி வரைக்கும் பெட்ரோலே தேவையில்ல. அதுவா உருண்டு போய்ச் சேந்துடும்."

தங்கைக்கு முதுகு நிமிர்ந்தது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக்கைத் தவிர வேறு நாதியில்லை. டிப்போவில் யாராவது அப்படி ஓட்டினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள். முன்சீட்டில் இருந்த அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

ஒரு வளைவு. இரண்டு வளைவு. ஒவ்வொன்றிலும் அத்தானின் கால் பிரேக்கிலேயே படிந்திருந்தது. ஐந்தாவது வளைவில் மகள் மூக்கைச் சுருக்கினாள்.

"சித்தி, ஏதோ கருகுற வாசனை."

"முன்னாடி போற வேன்லேருந்து வருதுடா," என்றாள் அக்கா.

வேனிலிருந்து வரவில்லை. அந்த வாசனை தங்கைக்கு நன்றாகத் தெரியும். சூடேறிய பிரேக்கின் நெடி அது. அடுத்த வளைவுவரை பார்ப்போம், பிறகு காபி குடிக்கலாம் என்று சொல்லி நிறுத்தச் சொல்வோம் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வளைவு வந்தது. கார் வேகம் குறையாமல் திரும்பியது. பைகள் அவள்மேல் சரிந்தன.

"என்னங்க, மெதுவா," என்றாள் அக்கா.

அவர் கால் மேலும் கீழும் போவதைத் தங்கை எட்டிப் பார்த்தாள். பெடல் தரைவரை போய் முட்டியது.

"அத்தான், பிரேக் பிடிக்கலையா?"

அவர் தலை மட்டும் அசைந்தது. வேகமுள் எழுபதைத் தொட்டிருந்தது. முன்னால் முந்நூறு அடி தூரத்தில், ஜன்னலில் குழந்தைகள் கையசைக்கும் வேன் ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

தங்கை பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முன்சீட்டுகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து கியர் தண்டைப் பிடித்தாள்.

"கிளட்சை மிதிங்க."

"நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்..."

"அத்தான், கிளட்ச்!" டிப்போவே திரும்பிப் பார்க்கிற குரல் அது. அவர் மிதித்தார். "இப்ப கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? வேன்ல போய் இடிக்கவா?"

"எஞ்சின் சுத்தினாத்தான் கியர் ஒழுங்கா விழும். குடுங்க!"

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மிதித்தார். எஞ்சின் உறுமியது. அவள் தண்டை மூன்றாவது கியருக்குத் தள்ளினாள்.

"கால எடுங்க. ரெண்டையும்."

கார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போலக் குலுங்கியது. எஞ்சின் அலறியது. எழுபது, அறுபது, ஐம்பது.

"மறுபடி கிளட்ச்." இரண்டாவது கியர். இன்னொரு குலுக்கல். "ஸ்டியரிங்க மட்டும் நீங்க பாருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். மொத்தமாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும். வேகம் முப்பதுக்கு இறங்கியும் வேன் நெருங்கிக்கொண்டே வந்தது. எதிர்ப்பக்கம் லாரி. ஒதுங்க இடமில்லை.

"மலைப் பக்கம் ஒடிங்க. வாய்க்கால்ல எறக்குங்க."

"கார் போயிடும்டீ!"

"போகட்டும் அத்தான்!"

அவர் ஒடித்தார். இரண்டு சக்கரம் மழைநீர் வாய்க்காலில் இறங்கின. அக்கா பக்கத்துக் கதவு பாறையை உரசிக்கொண்டே போனது. தகரம் கிழிகிற ஓசை நின்றபோது கார் சாய்ந்து நின்றிருந்தது. வேன் எதுவும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

மகளின் அழுகைதான் முதலில் கேட்டது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அக்காவின் நெற்றியில் ஒரு புடைப்பு. தங்கையின் விலாவில் சீட்டு இடித்த வலி. எல்லோரும் அத்தான் பக்கத்துக் கதவு வழியாகவே வெளியே வந்தார்கள். பின்னால் வந்த வண்டிகள் நின்றன. ஆட்கள் கூடினார்கள். ஒருவர் அத்தானின் தோளைத் தட்டினார்.

"நல்லா சமாளிச்சீங்க சார். வேற ஆளா இருந்தா அவ்வளவுதான்."

"ஆமா... எப்படியோ..." என்றார் அத்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஸ்டியரிங்க விடல நான்."

தங்கை குனிந்து குழந்தையின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காதான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவர் இல்லைங்க. என் தங்கச்சி. அவதான் நிறுத்தினா."

பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில், நாலு பேர் முன்னால் புருஷன் பேச்சை அவள் மறுத்தது அதுதான் முதல் தடவை. அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு விலகிப்போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்த மெக்கானிக், சக்கரத்தின் உட்பக்கம் தொட்டுப் பார்த்தார். சூடு இன்னும் ஆறவில்லை. "பிரேக் ஆயில் கொதிச்சுப்போச்சு. எப்பவோ மாத்தியிருக்கணும். இறக்கத்துல கியர்ல வராம இருந்தீங்களா?" கேட்டுவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

ஏரிக்கு வேறொருவர் வண்டியில்தான் போய்ச் சேர்ந்தார்கள். மகள் அழுததெல்லாம் மறந்து தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுடன். கரையில் இருந்த பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருக்க, அத்தான் வந்து மறுகோடியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வளைவுக்கு முன்னாடியே பெடல் மெத்துன்னு போச்சு," என்றார். "தெரிஞ்சுதான் இருந்துச்சு. உன்கிட்ட கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு."

தங்கை தண்ணீரையே பார்த்தாள். "எனக்கும் வாசனை வந்துச்சு அத்தான். சொல்லியிருக்கணும். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சும்மா இருந்தேன். வேலையில இருந்தா ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்க மாட்டேன். சொந்த அக்கா பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா, சும்மா இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை மதியம் பட்டறையிலிருந்து கார் வந்தது. ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தாலும் பிரேக் சரியாகிவிட்டது. அத்தான் சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு."

"வேணாம். நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

அக்கா மகளோடு பின்னால் ஏறிக்கொண்டாள். ஏற்றம் முடிந்து, மலையின் இந்தப் பக்க இறக்கம் தொடங்கும் இடத்தில் அத்தான் வேகத்தைக் குறைத்தார்.

"இங்க எந்த கியர்ல போகணும்?"

"ரெண்டாவதுல போங்க. பின்னாடி ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும்."

அடித்தார்கள், அடிவாரம்வரை. அவர் இரண்டாவது கியரிலேயே இறங்கினார்.