பாறைக்குப் போகும் கயிறு

மே பிறந்தும் ருஸ்தம் கேப்டனின் பாய்மரப் படகு போஸ்புருன் துறையை விட்டு நகரவில்லை. போன கோடை முழுக்கச் சும்மா கிடந்ததில் பலகைகள் வாய் பிளந்திருந்தன. இன்னொரு கோடை இப்படிக் கிடந்தால் அது படகில்லை, விறகுதான்.

படகை வாடகைக்குக் கேட்டு இஸ்தான்புல்லிலிருந்து டாக்டர் ஃபெரிதே எழுதியிருந்தார்: ஜூனில் ஏழு இரவுகள், நாங்கள் நாலு பேர், சாலை எட்டாத கரைகளாகப் பார்த்துத் தங்க வேண்டும், எந்தெந்த இடமென்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு படகு பார்த்துக்கொள்கிறோம்.

வியாழன் காலை ஹில்மியின் டீக்கடையில் உட்கார்ந்து ருஸ்தம் எழுத ஆரம்பித்தார். பேனா தயங்கவே இல்லை. தேன்கூட்டுப் பாறை, ஆடு மறித்த இடம், ஒற்றை ஆலிவ் என்று ஏழு பெயர்களும் வந்து விழுந்தன. எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள். எல்லாம் நஸ்மியே என்ற அவர் மனைவி வைத்தவை.

டீயை வைக்க வந்த ஹில்மி காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"ஏண்ணே, ஏழும் செங்குத்துப் பாறையால்ல இருக்கு. கயித்த யாரு கொண்டு போறது?"

பேனா நின்றது. அந்தக் கரையில் பாறையை ஒட்டியே கடல் ஆழம். முன்னால் நங்கூரம் போட்டால் மட்டும் போதாது. ஒருவர் கயிற்றோடு நீந்திப் போய், படகின் பின்புறத்தைப் பாறையில் இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானக் காற்று படகைச் சுழற்றிப் பாறையில் அடித்துவிடும். இருபத்தாறு கோடை அப்படி நீந்தியவள் நஸ்மியே. அவள் இறந்து ஒன்றரை வருடமாகிறது. பாவம், எழுதிய கைக்கு அது தெரியவில்லை.

"நானே நீந்திக்கிறேன்."

"அப்ப சுக்கான யாரு புடிப்பா, உங்க மீசையா? யஷாரக் கூட்டிட்டுப் போங்கண்ணே. தபால் வேல முடிஞ்சு சும்மாதான இருக்காரு. மீன் மாதிரி நீந்துவாரு, சமைப்பாரு."

"அவன் வாய மூட மாட்டான்."

"நீங்க வாயத் தொறக்குறதில்ல. சரியாப் போச்சு."

ருஸ்தம் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார்.

அன்று மத்தியானம் தனியாகவே படகை ஒற்றை ஆலிவுக்கு ஓட்டிப் போனார். நங்கூரம் இறக்கினார், கயிற்றோடு குதித்தார். கால் பாறையைத் தொட்ட அதே நேரம் காற்று வந்தது. ஆளில்லாத படகு மெல்லத் திரும்பி அவரை நோக்கி வந்தது. கயிற்றைப் பிடித்தபடி பாறைமேல் நின்று பார்ப்பதைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. பாறையில் மோத ஒரு முழம் இருக்கையில் நங்கூரம் இழுத்து நிறுத்தியது.

நீந்தித் திரும்பி, படகின் மேல்தளத்தில் உட்கார்ந்து, பாறையில் மிதித்து உள்ளங்காலில் ஏறியிருந்த கடல்முள்ளெலி முள்ளைப் பிடுங்கினார். "கட்டியாச்சு, டீயப் போடுங்க" என்று அந்தப் பாறையிலிருந்துதான் அவள் குரல் வரும். இப்போது மேலே எங்கோ ஆட்டு மணி மட்டும் கேட்டது. அதுவும் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இருந்தும் வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேரே யஷார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

வெள்ளி காலை யஷார் மூட்டையோடு படகுக்கு வந்தார். முதுகுவலி, மருமகன், தக்காளி விலை எல்லாவற்றையும் பேசிக்கொண்டே முன்னறைக்குள் இறங்கியவர் சட்டென்று நிறுத்தினார். கட்டிலுக்கு மேலே ஆணியில் ஒரு ஜோடி சின்ன ரப்பர் காலணி தொங்கியது. முள் குத்தாமலிருக்க நஸ்மியே போட்டுக்கொண்டு நீந்துவது.

"அண்ணே, என்னோடத எங்க மாட்டட்டும்?"

ருஸ்தம் சுத்தியலையும் ஓர் ஆணியையும் நீட்டினார். "பக்கத்துல அடிச்சுக்க."

பிறகு மேலே போய் டாக்டருக்குப் போன் செய்து ஏழு பெயர்களையும் வாசித்தார்.

"இதெல்லாம் மேப்புல காணோமே, கேப்டன்."

"இருக்காதும்மா. நான் கூட்டிட்டுப் போறேன்."

கீழே யஷார் ஆணி அடிப்பது கேட்டது. அவ்வளவு பேசுகிற மனிதர், பக்கத்து ஆணி அசைந்துவிடாதபடி மெதுவாக, மிக மெதுவாக அடித்துக்கொண்டிருந்தார்.