தர்மனுக்குத் தம்பி முகம்

"போட்டோ இல்லன்னா எப்படிம்மா? ஒண்ணு கூடவா இல்ல?" என்று தனசேகரன் மறுபடியும் கேட்டபோது லோகாம்பாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தால் கொடுக்க மாட்டாளா? பெற்றவள் பிள்ளையின் முகத்தை ஒளித்தா வைத்திருப்பாள்?

தனசேகரன் நெசவாளர் சங்கத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் எழவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் கூட்டம், மேடை, மைக்செட் என்றால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. லோகாம்பாளின் மூத்தவன் தர்மன் செத்து வருஷம் திரும்பப் போகிறது, தெருமுனையில் நினைவுக் கூட்டம், பெரிய படமாக வைத்துத் திறக்க வேண்டும் என்று முடிவு பண்ணி நோட்டீஸும் அடித்துவிட்டார். நோட்டீஸில் 'தியாகி தர்மன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

தியாகியாவது ஒன்றாவது! அந்தப் பிள்ளை ஒரு நாளும் கொடி பிடித்ததில்லை. அரிசிக்காக ஊர் ஊராய் ஜனங்கள் அல்லாடிக்கொண்டிருந்த வருஷம் அது. கல்யாண வீட்டுக்குப் புடவை கொடுத்துவிட்டு வர வெளியூர் போயிருந்தான். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அந்த ஊர்க்காரர்கள் அரிசி கேட்டு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் சுட்டது. டீக்கடை ஓரமாக நின்றிருந்தவன் விழுந்தான். பிணத்தைக்கூடக் கொடுக்கவில்லை. ஊர் கலவரமாகிவிடும் என்று அங்கேயே எரித்துவிட்டு, பிறகு சொல்லியனுப்பினார்கள். ஒரு மஞ்சள் பையும் செருப்பும் வந்தன. கடைசியாக ஒரு தரம் முகத்தைப் பார்க்கிற கொடுப்பினைகூட லோகாம்பாளுக்கு இல்லாமல் போயிற்று.

போட்டோ இல்லாததற்குக் காரணமும் அவள்தான். தர்மனுக்கு முன்னால் பெற்றதெல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டன. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வைகாசி கருட சேவைக்குப் போனபோது, கூட்டத்தில் போட்டோக்காரன் கொட்டகை போட்டு, திரையில் மோட்டார் கார் எழுதி வைத்திருந்தான். அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தர்மன் தரையில் புரண்டு அழுதான். முதுகில் ரெண்டு வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள். வளர்ந்த பிறகும், "ஒண்ணே ஒண்ணும்மா" என்று கெஞ்சுவான். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் கூடாது" என்பாள். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்?

வழி சொன்னவர் ராஜவேலு. சினிமா பேனரும் கடை போர்டும் எழுதுகிறவர். "கூடப்பொறந்தவன் இருக்கான் இல்ல? அவன் வந்து உக்காரட்டும். சாடை எப்படியும் இருக்கும். அம்மா பக்கத்துல இருந்து இது வேற, அது வேறன்னு சொல்லிக்கினே வரட்டும், நான் மாத்திக்கினே வரேன். செத்தவங்களுக்கு நான் எழுதாத படமா?" என்றார். லோகாம்பாளுக்கு உயிர் வந்தது. அந்த முகத்தை இன்னொரு தரம் பார்த்துவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், மேடையும் மைக்கும் யாருக்கு வேண்டும்?

இளையவன் பழனி அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு ராஜவேலுவின் கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்தான். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. ராஜவேலு பலகையில் கோடு இழுத்துக்கொண்டே, "சொல்லும்மா, பெரியவன் எப்படி இருப்பான்?" என்றார்.

லோகாம்பாள் மடைதிறந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். "தோள் இவனுக்கு மேல அகலம்பா. கழுத்துக்குக் கீழ எலும்பு துருத்திக்கினு இருக்கும். வேர்த்தா முதுகுத்தண்டுலயே ஒரே கோடா எறங்கும். நடு முதுகுல மச்சம் இருக்குது. தலையில ரெட்டைச் சுழி, பின்னால அடுத்தடுத்து ரெண்டு. ரெண்டு பொண்டாட்டி கட்டுவான்னு தெருவே கேலி பண்ணும்."

ராஜவேலு தூரிகையை இறக்கினார். "அம்மா, நீ சொல்றது எல்லாம் முதுகு. எனக்கு மூஞ்சி வேணும்."

அவள் என்ன செய்வாள்? அந்த வீட்டில் தறி ஜன்னலைப் பார்த்து இருக்கும். தறிக்குழியில் தர்மன் உட்காருவான், பக்கத்தில் புடவைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பழனி. அவள் இடம் பின்னால், ராட்டினத்தில். விடிந்ததிலிருந்து சாயும்வரை இழை சுற்றிக்கொண்டே அவள் பார்த்ததெல்லாம் அவன் முதுகைத்தான். சோறு போடும்போது முகத்தைப் பார்த்திருப்பாள்தான். ஆனால் எந்தத் தாய் பிள்ளை முகத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பார்க்கிறாள்? நாளைக்கும் இருப்பான் என்றுதானே இருந்தாள்.

"மூக்கு இவன் மாதிரியா?"

"கொஞ்சம்... நீளமா இருக்கும்."

ராஜவேலு நீட்டினார். "இப்படியா?"

"இல்லப்பா. இவ்ளோ இல்ல."

குறைத்தார். மறுபடியும் பழனி மூக்கே வந்தது. உதடும் அப்படி, தாடையும் அப்படி. ஏதாவது ஒன்றைச் சொல்லுவாள், அவர் மாற்றுவார், அது யாரோ ஊர் பேர் தெரியாதவனாகிவிடும். பயந்துபோய், "பழையபடியே இருக்கட்டும்பா" என்பாள்.

அப்புறம்தான் திடீரென்று ஞாபகம் வந்து, "புருவம்! புருவத்துல தழும்பு!" என்று கத்தினாள். சின்ன வயதில் சர்வதீர்த்தக் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து கிழிந்த காயம். அந்த இடத்தில் முடி முளைக்காமல் புருவம் ரெண்டு துண்டாக நிற்கும். பழனிக்கு இல்லாதது, தர்மனுக்கே தர்மனுக்கானது. ராஜவேலுவுக்கும் சந்தோஷம். "அப்படிச் சொல்லு! எந்தப் பக்கம்?"

லோகாம்பாள் கையைத் தூக்கித் தன் வலது புருவத்தைத் தொட்டாள். எதிரில் நிற்கிறவனுக்கு அது இடது அல்லவா என்று தோன்றியது. கையை இடதுக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் நிற்கவில்லை. மஞ்சள் அரைத்துக் கட்டியவளே அவள்தான். ரத்தம் ஞாபகம் இருந்தது, வைத்துக் கட்டிய துணியின் கரைகூட ஞாபகம் இருந்தது. பக்கம் மட்டும் வரவில்லை. கை நெற்றிக்கு நேரே அப்படியே நின்றது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

"வலது பக்கம்ணே," என்றான் பழனி, ஸ்டூலில் இருந்தபடியே. "எனக்கு நல்லாத் தெரியும். வலது புருவம்."

"ஆங், வலதுதான்" என்று லோகாம்பாள் மூச்சு விட்டாள். இவனாவது மறக்காமல் இருக்கிறானே என்று இருந்தது. ராஜவேலு தழும்பை அழகாக எழுதினார்.

கூட்டத்தன்று தெரு நிறைய ஜனம். தனசேகரன் தொண்டை கிழியப் பேசிவிட்டு, படத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தார். முன்வரிசையில் யாரோ, "அட, நம்ம பழனிடா!" என்றார்கள். நாலைந்து பேர் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொட்டகையில் துண்டு துண்டாகப் பார்த்தபோது தெரியாதது இப்போது லோகாம்பாளுக்குத் தெரிந்தது. படத்தில் இருந்தது பழனிதான். புருவம் கிழிந்த பழனி.

தனசேகரன் ஆளுயர ரோஜா மாலையைத் தூக்கினார்.

"மாலை போடாதே! ஐயோ, போடாதேப்பா! அது உசுரோட இருக்கிற புள்ள!" என்று லோகாம்பாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பெற்ற வயிறு, தாங்காமல் கத்துகிறாள் என்று நினைத்து நாலு பெண்கள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "அழாதம்மா, உம் புள்ள எங்கியும் போவல, இங்கதான் இருக்கான்" என்று ஒருத்தி தேற்றினாள். மாலை விழுந்தது. நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். கும்பலின் ஓரத்தில் பழனி தன் முகத்துக்கு மாலை விழுவதைப் பார்த்துக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

சாவுக்குப் பயந்து ஒரு பிள்ளையைப் படமே பிடிக்காமல் காப்பாற்றப் பார்த்தாள். இன்னொரு பிள்ளையைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டு போய்ச் செத்தவன் இடத்தில் உட்கார வைத்துவிட்டாள். பாவி நான், பாவி நான் என்று வீடு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து படத்தை வீட்டில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. விளக்கேற்றினால் இருப்பவனுக்கு ஆகாது, ஏற்றாவிட்டால் போனவன் என்ன நினைப்பான்? திரியை எடுப்பாள், வைப்பாள். பழனி இருமினால் ஓடிப்போய்ப் படத்தைப் பார்ப்பாள்.

அந்த வாரமே ஐயம்பேட்டையிலிருந்து அப்பாதுரை வந்தார். அவர் மகள் வடிவைப் பழனிக்குக் கேட்டிருந்தார்கள், எல்லாம் பேசி முடிந்த மாதிரிதான். வீடு பார்க்க மனைவியோடு வந்தவர், காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். மாலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா இது?"

"பெரியவன்பா. போனவன்."

அப்பாதுரை படத்தைப் பார்த்தார், தறிக்குப் பக்கத்தில் நின்ற பழனியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காபி பாதியிலேயே நின்றது. ஊருக்குப் போய், பெண்ணுக்கு இன்னும் வயசு பத்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

பழனி யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலையில் தறியில் பாவு இழைகளைத் தடவிக்கொண்டே, "என்னை எறக்கி வெச்சிடும்மா" என்றான். 'அதை' என்று சொல்லவில்லை, 'என்னை' என்றான்.

படத்தை இறக்கினாள். மண்ணெண்ணெயைப் பழந்துணியில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜவேலு தடிமனாக அப்பியிருந்த வண்ணம் அடியில் இன்னும் காயவில்லை. அழுத்தித் தேய்த்ததும் வாய் போயிற்று. மூக்கு போயிற்று. கன்னம், காது, கழுத்து, பழனியுடையது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். கண்ணைத் துடைக்கும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். கடைசியில் அழுக்குச் சேறு மாதிரி ஆகிப்போன பலகையில் ஒரு புருவமும் அதன் நடுவில் தழும்பும் மிஞ்சின. அதை அவள் தொடவில்லை.

"இது போதும்டா," என்றாள். "இது அவன். இத வெச்சிக்கினு இருந்துடுவேன். இதுக்கு விளக்கேத்துறேன், உனக்கு ஒண்ணும் ஆகாது."

பழனி தறியை நிறுத்தினான். எழுந்து வந்து பலகையைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"இன்னாடா?"

"அம்மா, அது வலதா இடதான்னு எனக்குத் தெரியாதும்மா."

"நீதானே சொன்ன? நல்லாத் தெரியும்னு சொன்னியே!"

"நீ கையத் தூக்கிக்கினு அழுதுக்கினு நின்ன. பாக்க முடியல. வாய்ல வந்தத சொல்லிட்டேன்."

"அவன் பக்கத்துலயே உக்காந்து வளந்தவன்டா நீ! நாள் பூரா பக்கத்துல!"

"தறியில உக்காந்தா யாரும்மா மூஞ்சியப் பாக்கறாங்க? அவன் இழையப் பாத்தான், நான் அவன் கையப் பாத்தேன். கண்ணு அந்தாண்ட போனா கரை கோணிக்கும்னு திட்டுவான் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் பழனி குழந்தை மாதிரி அழுதான். "கையக் கேளு, சொல்றேன். நகம் முதக்கொண்டு சொல்றேன்."

லோகாம்பாள் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுப் பட்டம்மாளைக் கேட்டாள், வலது என்றாள். பட்டம்மாள் புருஷன் இடது என்றார். தனசேகரனைக் கேட்டாள். "தழும்பா? அப்படி ஒண்ணு இருந்துச்சாம்மா?" என்றார். நடுத்தெருவில் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, துணியை எடுத்து, அந்தப் புருவத்தையும் துடைத்தாள்.

பழனி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தறியில் உட்கார்ந்தான். அண்ணன் போனதிலிருந்து அவன்தான் அந்த இடத்தில் உட்காருகிறான். லோகாம்பாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து ராட்டினத்தின் முன் உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முதுகு குனிந்து நிமிர்ந்து குனிந்தது. ஒரு வருஷமாக எதிரிலேயே இருந்ததை அவள் அன்றைக்குத்தான் ஆசையாகப் பார்த்தாள்.

"இன்னாம்மா, ராட்டினம் சத்தமே காணோம்?" என்று அவன் திரும்பப் போனான்.

"திரும்பாதடா," என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே இரு. என் கண்ணு இல்ல, திரும்பாத."

அவன் அசையாமல் இருந்தான். அவள் எழுந்து போய், பின்னந்தலை முடியைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

சுழி ஒன்றுதான் இருந்தது.