எரியாத கட்சி வீடு

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் மாசி மாதம் காமன் கம்பம் நட்டால், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருக்கும் மாரியம்மா வீட்டுக்கு அழைப்பு வந்தாக வேண்டும். தவத்தில் இருந்த சிவன்மேல் மலர்க்கணை விட்டு, நெற்றிக்கண்ணில் எரிந்தவன் மன்மதன். எரிந்தே போனான் என்று லாவணியில் ஒரு கட்சி பாடும்; உடல்தான் போயிற்று, அவன் எரியவில்லை என்று மறு கட்சி பாடும். கேள்விக்குப் பதில் பாட முடியாத கட்சி கையில் தட்டும் டேப்புப் பறையைத் தரையில் வைத்துவிட வேண்டும். மாரியம்மாவின் வீடு எரியாத கட்சி. மூன்று தலைமுறையாக அந்த வீட்டு டேப்பு மண்ணைத் தொட்டதில்லை. ஜெயித்தவருக்குக் கட்டும் பரிவட்டம் வேறு தலைக்குப் போனதும் இல்லை.

பௌர்ணமி அன்று மத்தியானம் மகள் தினேஸ்வரியோடு அவள் காரை விட்டு இறங்கியதுமே கோயில் தலைவர் சுகுமார் ஓடி வந்தார்.

"அக்கா, இந்த வருஷம் லாவணி இல்லலா. எரிஞ்ச கட்சி கோகிலன் அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன், குரலே போச்சி. அவங்க பக்கம் வேற ஆளு கிடையாது. நீங்க ஜெயிச்சதா மைக்ல சொல்லிப் பரிவட்டம் கட்டிருவோம்."

"பேச முடியாதவன ஜெயிச்சோம்னு எங்க வீட்டுப் பேர்ல சொல்லுவியா?"

"யாருலா கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

பந்தலில் எதிரும் புதிருமாக இரண்டு பாய்கள் விரித்திருந்தார்கள். எரிந்த கட்சிப் பாயில் கழுத்தில் துண்டு சுற்றி கோகிலன் தனியாக உட்கார்ந்திருந்தார். மாரியம்மா மகளைத் தங்கள் பாயில் உட்காரவைத்து டேப்பைக் கையில் கொடுத்தாள். பிறகு நேராக நடந்து போய்க் கோகிலன் பக்கத்தில் அமர்ந்தாள்.

கோகிலன் மடியிலிருந்த நோட்டில் எழுதிக் காட்டினார்: 'கட்சி மாறிட்டீங்களா?'

"வாய் மட்டும்தான் இங்க வந்திருக்கு. நீ எழுது, நான் பாடுறேன்."

அவர் எழுதினார். அவள் எழுந்து நின்று, எழுத்துக்கு எழுத்து மாறாமல் பாடினாள். 'எரியவில்லை என்றால் இரதி ஏன் அழுதாள்?' தினேஸ்வரி டேப்பைத் தட்டிப் பதில் சொன்னாள்: கண்ணுக்குத் தெரியாமல் போன புருஷனுக்காக அழுதாள், செத்தவனுக்காக இல்லை.

"பெத்த தாயையே மடக்குதுலா பொண்ணு," என்று யாரோ சொல்ல, பந்தல் சிரித்தது. மாரியம்மாவும் மீசை இருந்தால் முறுக்கியிருப்பாள்.

அடுத்த கேள்வியைக் கோகிலன் நெடுநேரம் எழுதினார். அவர் அப்பாவும் தாத்தாவும் கேட்காத கேள்வி அது. மாரியம்மா படித்துப் பார்த்தாள். கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல் பாடினாள்: 'உருவமே இல்லாதவனுக்கு வருஷா வருஷம் ஆமணக்கும் கரும்பும் சேர்த்துக் கட்டிக் கம்பம் நடுவது எதற்கு?'

தினேஸ்வரியின் விரல் டேப்பில் நின்றுவிட்டது.

பதில் மாரியம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். மாசியில் ஒரே வாரத்தில் தளதளவென்று துளிர்க்கும். அந்தத் துளிர்தான் அவன் உருவம். அதைக் கும்பிடத்தான் பச்சைக் கம்பம். பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினேஸ்வரி ஈப்போவில் வளர்ந்தவள். தோட்டத்தில் அவள் பார்த்ததெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான், அது இலை கொட்டுவதில்லை. அவள் தாயின் முகத்தையே பார்த்தாள். ஓர் அசைவு, ஒரு சாடை போதும்.

மாரியம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். இப்போது அவள் குரல் கோகிலனுடையது.

"பதில் இருக்காலா?" என்று சுகுமார் மூன்று தடவை கேட்டார்.

தினேஸ்வரி டேப்பைத் தரையில் வைத்தாள்.

பரிவட்டத்தைக் கோகிலன் தலையில் கட்டினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அவிழ்த்து மாரியம்மாவிடம் நீட்டப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"கட்டுனத அவுக்காத. கேள்வி உன்னுது."

சுகுமார் மெதுவாகக் கிட்டே வந்தார். "சும்மா இருந்திருந்தா உங்களுக்கே வந்திருக்கும்க்கா. இப்பப் பாருங்க, தோத்துட்டீங்க."

"ஆமா. மைக்க எடுத்து அதையே சொல்லு. யாரு தோத்தா, யாருகிட்டத் தோத்தான்னு பேரு விடாம சொல்லு."

அவர் மைக்கில் சொல்லி முடிக்கும்வரை, எரிந்த கட்சிப் பாயிலேயே அவள் முதுகு வளையாமல் நின்றுகொண்டிருந்தாள்.