பச்சையில் வந்த ‘சரி’

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

“மருந்து ஃபிரிட்ஜ் படுத்துடுச்சு. குழந்தைங்களுக்கு வச்சிருந்த தடுப்பூசி மொத்தமும் குப்பைக்கு.”

என் கணவர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர்.

“யாருக்கும் போடலையே?” என்றேன் பதறி.

“இல்ல. கீழ தண்ணி நின்னதை நர்சம்மா பார்த்துட்டாங்க. வந்திருந்த அம்மாக்கள்தான் என்னை வறுத்தெடுத்துட்டாங்க.”

காலைக்குள் விளக்கக் கடிதம் வேண்டுமாம் பெரிய டாக்டருக்கு. எழுத ஆரம்பித்தார்: ‘இன்று காலை ஃபிரிட்ஜின் குளிர் அளவை நான் தவறாகப் பார்த்திருக்கலாம்…’

அந்த அளவைச் சரிபார்க்கும் கணினி நிரல் நான் எழுதியது. மாலை வகுப்பில் ‘என்றால், இல்லையென்றால்’ கற்றுக்கொண்ட மூன்றாம் வாரமே ஆசையாக எழுதிக் கொடுத்தேன். ஃபிரிட்ஜ் காட்டும் எண்ணை அதில் அடிக்க வேண்டும். குளிர் இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் பச்சையில் ‘சரி’. இல்லையென்றால் சிவப்பில் ‘ஆபத்து’. “என் பொண்டாட்டி எழுதினது” என்று வாட்ச்மேன் வரை காட்டிப் பெருமைப்பட்டவர் இவர்.

மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டைவிட அதிகம், அல்லது எட்டைவிடக் குறைவு என்றால், ‘சரி’.

அல்லது! எந்த எண்தான் அதில் அடங்காது? அன்று ஐந்து போட்டுப் பார்த்தேன், ஆறு போட்டுப் பார்த்தேன். பச்சை வந்த குஷியில் ஒரு கெட்ட எண்ணைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

மூடிவைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன். அவருடைய பேனா கையெழுத்து வரை வந்துவிட்டது.

“என்னங்க, போடாதீங்க. காலைல எவ்வளவு அடிச்சீங்க?”

“பதினாலுன்னுதான் ஞாபகம். ஆனா பச்சை வந்துச்சே. என் கண்ணு மேலயே சந்தேகமாயிடுச்சு.”

பதினாலு அடித்துக் காட்டினேன். சரி. நூறு. அதற்கும் சரி.

“அடிப்பாவி, கொதிக்கிற தண்ணிக்கும் சரிங்குதே!”

அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

“தப்பு என்னுது. நானே வந்து டாக்டர்கிட்ட சொல்றேன்.”

“வா. ஆனா பதினாலைப் பார்த்தும் பச்சையை நம்பினது நான்தானே? அதையும் எழுதணும்.”

கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். நான் ‘அல்லது’வை அழித்து ‘மற்றும்’ போட்டேன். பதினாலு அடித்தேன்.

சிவப்பு. காலையிலேயே வந்திருக்க வேண்டிய சிவப்பு.