பீரோத் தட்டில் ஷைஸ்தா

தாராவியில் ராபியா வீட்டில் பதினோரு வருஷமாக மகள் ஷைஸ்தாவை நாலாக மடித்து, பீரோவின் மேல்தட்டில்தான் தூங்க வைத்தார்கள். பத்துக்கு ஆறடி அறை, அதில் ஆறு பேர். அவளுடைய மூட்டுகள் பிறவியிலேயே தளர்ந்தவை. முட்டி பின்பக்கமும் வளையும், கட்டைவிரல் முன்கையைத் தொடும். சின்ன வயதில் விளையாட்டாக மடிந்தாள், பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் காலித் கல்யாணம் கட்டிய பிறகு நாலு போதாமல் எட்டாக மடிய வேண்டியதாயிற்று. பெருநாள் துணிகளுக்குப் பக்கத்தில், அந்துருண்டை வாசனையில் கிடப்பாள். இடத்தை அடைக்காத பிள்ளை என்று சந்தே மெச்சியது. அவளுக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஆனால் உடம்பு நிலைகொள்ளவில்லை. தோல்பைப் பட்டறையில் ஜிப் தைக்கையில் விரல்கள் கழன்று தோலுக்கு முன்னால் ஓடின. தோள் மூட்டு மாசத்துக்கு இரண்டு தடவை நழுவி இறங்கியது. நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி; அதனால் நடந்துகொண்டே இருந்தாள். இருபத்து மூன்று வயதில் கையும் வேலையும் போய்விடும் என்று பயந்துதான் பிசியோதெரபி பார்க்கும் மாரீஸ்வரியிடம் போனாள்.

“யாரு ஒன்ன இப்படி மடிச்சது?” என்றாள் மாரீஸ்வரி.

“வீட்ல படுக்க ஜகா இல்லக்கா.”

“இனிமே மடங்காத. மூட்டப் பிடிச்சு நிறுத்துற நார் ஒனக்கு லூசு. தசைதான் தாங்கணும். அதுக்கு மெதுவா பலம் ஏத்துவோம்.”

ஷைஸ்தா ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தாள். முட்டியைப் பின்னால் தள்ளாமல் நிற்கப் பழகினாள். இரண்டு மாசம் ஒன்றும் தெரியவில்லை. எரிச்சலில் பட்டையை வீசியெறிந்தாள், பிறகு தானே தேடி எடுத்தாள். ஏழாம் மாசம் தோள் இறங்குவது நின்றது. மடங்கமாட்டேன் என்று வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் எங்கே படுப்பது?

பதினோராம் மாசம் ராபியா மடிக்க வந்தபோது முட்டி அசையவில்லை.

“ஏட்டி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்.”

“முடியாது உம்மா.”

சொல்லிவிட்டு, தலையைப் பீரோவை ஒட்டி வைத்துத் தரையில் நீட்டிப் படுத்தாள். பாதம் பட்டதும் எதிர்ச்சுவர் ஒன்றரை அடி பின்னால் போய் நின்றது. அந்தச் சுவருக்கு அடுத்த வீட்டு நெல்லையப்பன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் பக்கம் ஒரு அங்குலமும் குறையவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்.

ராபியா மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அழுகை வந்தது.

“நீ இப்படிப் படுத்து நான் பாத்ததே இல்லியேட்டி,” என்றாள்.

பீரோவின் மேல்தட்டில் இப்போது தலையணைகள் இருக்கின்றன.