தாமோதரனுக்கு ஆன நீலம்

காலடிப்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ரஹீமுன்னிசா ராசிக்கல் கடை வைத்திருந்தாள். கல் விஷயத்தில் அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். சூடுகாட்டி நிறம் ஏற்றிய கல் என்றால் அப்படியே சொல்லிவிடுவாள். பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரிவதுதான் ஒரிஜினல் என்று யாராவது அளந்தால், நீல வளையல் துண்டு ஒன்றை டீக்கடைப் பாலில் போட்டுக் காட்டி வாயை அடைப்பாள். ராசி, கிரகம் எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கல்லைப் பற்றிய சாத்திரம் அத்தனையும் மனப்பாடம். கேட்டவர்களுக்கு ஒப்பித்துவிட்டுக் கடைசியில், "இப்டி சொல்லிக்கினு வர்றாங்க. நான் பார்த்ததில்ல" என்று முடிப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வலது முழங்காலைப் பிடித்தபடி படியேறினார்.

"பாயம்மா, நல்ல நீலம் ஒண்ணு வோணும். ஏழரைச்சனி நடக்குதாம். காலு பேஜாரு குடுக்குது. நாலு காரட்டுக்குக் கொறையாம போடணும்னு ஜோசியர் சொல்லிக்கீறாரு."

"பேரு இன்னாண்ணே? இன்னா தொழிலு?"

"தாமோதரன். அத்திப்பட்டுல சாம்பல் செங்கல் யார்டு வெச்சிகினு கீறேன்."

ரஹீமுன்னிசாவின் கை பெட்டிப் பூட்டில் அப்படியே நின்றது. இந்தத் தாமோதரனை அவள் பார்த்ததில்லை; ஆனால் ஒரு வருஷமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைக்கு மேலே மாடி வீட்டில் இருக்கும் ஆவுடையம்மாள் அவருடைய யார்டில்தான் செங்கல் அடுக்குகிறாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பேச்சு முழுக்க வடசென்னையாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு தலைகாட்டும். அந்த யார்டில் பதினான்கு பெண்கள். ஒரு பாத்ரூம் கிடையாது. காலையில் ரயிலேறினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்கள். இரண்டு பேருக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கே போனார்கள். மூன்று முறை கேட்டாகிவிட்டது. "எடமில்ல" என்பதுதான் பதில். செங்கல் அடுக்க ரெண்டு ஏக்கர் இருக்கிறது.

ரஹீமுன்னிசா மெதுவாகப் பெட்டியைத் திறந்து ஒரு கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சில்லுனு கீதே!"

"நீலம் அப்டித்தான், கண்ணாடி மாதிரி சட்டுனு சூடாவாது. இது ரத்தினபுரிக் கல்லு, இலங்கை. ஆத்து மணல அரிச்சி எடுப்பாங்க. உள்ள பட்டுநூல் மாதிரி ஓடுது பாரு, அது இருந்தா சூடுகாட்டாத கல்லு. ஓரத்துல சின்னதா ஒரு கீறல் கீது, அதையும் பார்த்துக்க. ராஜாங்க போட்டாங்க, பிஷப்புங்க போட்டாங்க. வாதம், மூட்டுவலி, நரம்புத் தளர்ச்சிக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

"எனக்கு ஆவுமா?"

"அத்த இப்ப சொல்ல முடியாது. மத்த கல்லு மாதிரி இல்லண்ணே இது. ஆவலைன்னா ஆளையே கவுத்துடும்னு சொல்றாங்க. அதனால மூணு நாள் கைல கட்டிப் பாரு. ஆவலைன்னா நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

தாமோதரன் சட்டையை மடித்துப் புஜத்தை நீட்டினார். நீலத்துணியில் கல்லை முடிந்து கட்டியபடியே அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "சனிக்குச் சொந்தமான சரக்கெல்லாம் நம்ம பக்கம்தான். இரும்பு, எண்ணெய், நெலக்கரி. மனுஷங்கள்ல கூலிக்காரங்க அவருக்குச் சொந்தம். அவங்க வயிறெரிய வெக்கிறவனுக்கு நீலம் ஆவாதுன்னு சொல்லிக்கினு வர்றாங்க. நான் பார்த்ததில்ல."

தாமோதரன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "எங்கிட்ட கீறவங்கல்லாம் குஷியாத்தான் கீறாங்க" என்றார்.

சொன்னது அத்தனையும் சாத்திரத்தில் உள்ளதுதான். ஆனாலும் அன்று முழுக்க ரஹீமுன்னிசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாயங்காலம் ஆவுடையம்மாளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"ஏ ரஹீமா, சனிக்கு வாகனம் காக்காதான?"

"ஆமா. ஏன் கேக்குற?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் மீன் வாங்கக் கிளம்பினாள்.

மறுநாள் யார்டில் தாமோதரன் காரை விட்டு இறங்கி ஆபீசுக்குள் போன கொஞ்ச நேரத்தில் காரின் கூரைமேல் இருபது காக்கை. விரட்டினால் பறந்தன, திரும்ப வந்தன. மதியம் ஆவுடையம்மாளைப் பார்த்து, "இன்னா மசமசன்னு நின்னுகினு கீற?" என்று அவர் கத்தினார். கத்தி முடிக்கவில்லை, கலவை மெஷின் நின்றது. மெஷின் ஓட்டுகிற திலீப், ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தானா நின்னுச்சு சார்" என்றான். பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே ஓடியது. அடுத்த நாள் அவர் இரண்டு முறை கத்தினார். மெஷின் இரண்டு முறை நின்றது. வெய்யிலில் கிடந்த காரின் கூரையில் நெத்திலித் தலை காய்ந்து ஒட்டிப்போயிருந்ததால், காக்கைகள் அவர் வீட்டு வாசல்வரை கூடவே வந்தன.

சனிக்கிழமை காலை ரஹீமுன்னிசா ஷட்டரைத் தூக்கும்போதே தாமோதரன் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"வோணாம் பாயம்மா. எனக்கு ஆவல. இத்த அவுத்துடு."

பயமுறுத்தினால் பாத்ரூம் கட்டுவார் என்றுதான் அவளும் ஆவுடையம்மாளும் நினைத்திருந்தார்கள். பயந்தவன் கல்லைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. முடிச்சில் கை வைத்தாள். உடனே அவிழ்க்கவில்லை.

"இன்னாண்ணே ஆச்சு?"

"காக்கா. எங்க போனாலும் காக்கா."

"கொத்துச்சா?"

"இல்ல. உக்காந்து பாத்துகினே கீது."

"கொத்தலையா?" ரஹீமுன்னிசா கையை எடுத்துவிட்டாள். கல் விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்பதுதான் அவள் வைத்திருந்த விரதம். காக்கை விஷயத்தில் அவள் யாருக்கும் சத்தியம் செய்து தரவில்லை. "கொத்துனாத்தாண்ணே ஆவல. உக்காந்து பார்த்தா இன்னாமோ கேக்குதுன்னு அர்த்தம்."

"இன்னா கேக்குது?"

"எனக்கு எப்டித் தெரியும்? உங்கிட்ட யாராச்சும் இன்னாச்சும் கேட்டு நீ இல்லன்னுட்டியா?"

தாமோதரன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரன் வாசலில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தார்.

"பொம்பளைங்க கக்கூஸ் கேட்டாங்க" என்றார்.

"அப்டியா!" என்றாள் ரஹீமுன்னிசா. "சரி, நம்மளால முடிஞ்சத செஞ்சிப் பாரு. அதுக்கப்புறமும் ஆவலைன்னா கொண்டா, வாங்கிக்கிறேன். சனிக்கெழம நல்லெண்ணெய் நல்லதுன்னும் சொல்லிக்கினு வர்றாங்க. கால்ல போட்டு நல்லா தேச்சிவுடு."

செங்கலுக்குப் பஞ்சமில்லாத இடம். பன்னிரண்டே நாளில் தாழ்ப்பாள் போட்ட மூன்று பாத்ரூமும், மேலே தண்ணீர்த் தொட்டியும் எழும்பின. காரிலேயே உட்கார்ந்து அதிகாரம் செய்து பழகியவர், கொத்தனார் பின்னாலேயே இங்கும் அங்கும் நடந்தார். நடையோ, எண்ணெயோ, முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. திறந்த அன்று தொட்டியின்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தாமோதரன் செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டார். அன்றைக்கு மீனே வாங்கவில்லை என்று ஆவுடையம்மாள் அம்மன் மேல் ஆணையிட்டுச் சொன்னாள். திலீப்பும் சொன்னான்.

"நெசமாவே கல்லுல ஏதாச்சும் கீதா ரஹீமா?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள். மூன்று வாரமாக அவள் வேலைக்கு இரண்டு லிட்டர் பாட்டில் எடுத்துப் போகிறாள்.

"அது அலுமினியமும் காத்தும் சேர்ந்து எறுகுன கட்டி. கொஞ்சம் இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமாச்சு. அவ்ளோதான்" என்றாள் ரஹீமுன்னிசா. ஆனாலும் அன்று பெட்டியைப் பூட்டும்போது மீதியிருந்த நீலக்கல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

தாமோதரன் அந்தக் கல்லை வெள்ளி மோதிரத்தில் கட்டிக்கொண்டு, இனிப்பு டப்பாவோடு வந்தார். கூடவே தங்கச் சங்கிலி போட்ட ஒருவரையும் கூட்டி வந்தார்.

"இவரு பெனிட்டோ. எண்ணூர்ல கன்டெய்னர் யார்டு வெச்சிகீறாரு. நம்ம தோஸ்து. ராத்திரில தூக்கமே இல்லையாம். நம்ம கதய சொன்னேன், மெர்சலாய்ட்டாரு."

"நான் சர்ச்சுக்குப் போறவன்" என்றார் பெனிட்டோ சங்கடத்துடன். "ஆனா பிஷப்பெல்லாம் போட்டாங்கன்னு இவரு சொல்றாரு..."

"போட்டாங்கதான், பொய்யில்ல" என்றாள் ரஹீமுன்னிசா. பெட்டிக்குள் ஒரு கல் இருக்கத்தான் இருந்தது. "நீலம் ஆளுக்கு ஆள் மாறும் சார். பார்த்துதான் குடுக்கணும். திங்கக்கெழம வாங்க. உங்ககிட்ட எத்தினி பேரு வேல செய்றாங்க?"

"நாப்பது. ஏன் கேக்குற?"

"சும்மாதான் சார்."

அவர்கள் சந்து முனையைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆவுடை! எண்ணூர் கன்டெய்னர் யார்டு ஆளுங்க உன் ரயில்ல வர்றாங்களா?"

"ஒரு பெட்டியே வருது. இன்னா விஷயம்?"

"அவங்களுக்கு அங்க இன்னா இல்லன்னு விசாரி. திங்கக்கெழமக்குள்ள சொல்லு."

மேலே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "விசாரிக்கவே வேணாம்ட்டி!" என்று ஊர்ப்பேச்சில் பதில் வந்தது. "பேப்பரும் பேனாவும் எடு."